அஞ்சத் தகுவது எது? தமிழ்க் கிறித்தவ மரபில் இறையச்சத்தின் வரலாறு

ஜொகூர் மாநில முத்திரையில் பொறிக்கப்பட்டுள்ள மலாய்த் தொடர், இறைவனிடம் நம்மை ஒப்படைக்கிறோம் என்னும் பொருளுடையது. 1970ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடாகிய ருக்குன் நெகாரா, இறைவன்மீது நம்பிக்கை வைத்தலை முதற்கண் வைக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் நன்னெறிக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இக்கோட்பாடு நன்கு பழகியது. ஆயினும் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளைத் திருத்தும்போது ஒப்படைத்தலைப் பற்றியோ நம்பிக்கையைப் பற்றியோ பேசுவதில்லை. கடவுளுக்குப் பயந்து நட என்றே சொல்கின்றனர். ஒப்படைத்தல், நம்புதல், அஞ்சுதல் என்னும் இம்மூன்று வினைகளும் ஒரே உறவைக் குறிப்பனபோல் தோன்றினும் அவற்றின் நிறம் வேறு வேறு.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது மூன்றாவதாகிய அஞ்சுதல். அதிலும் கிறித்தவத் தமிழில் அது பெற்ற வரலாறு. பயம், தெய்வபயம், பயபக்தி, அச்சம், இறையச்சம் எனப் பல பெயர்களில் அது வழங்கிவந்துள்ளது. கடவுள் அன்பே உருவானவர் என்று போதிக்கும் ஒரு சமயம் அவருக்கு அஞ்சவும் சொல்வது ஏன் என்று மாணவர் வினவினால், அச்சம் என்பதற்கு இங்கே மரியாதை என்றே பொருள் எனச் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அவ்விடை பிழையன்று, ஆனால் போதாது. மரியாதையின் பொருட்டு எவரும் மன்னனின் ஆணையை மறுத்ததில்லை. கடவுளுக்கு அஞ்சி மறுத்தவர்கள் உண்டு. விவிலியம் சொல்லும் அச்சம், பிற அச்சங்கள் அமர்ந்திருக்கும் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளும் அச்சம் என்பது நம் கருத்து. அப்பொருளைத் தமிழ் எவ்வளவு தாங்கிற்று, தமிழ்க் கிறித்தவர் எங்கே அதை நழுவவிட்டனர் என்பவற்றையே காண முற்படுகிறோம்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். எபிரேய மொழியில் இதற்கு வழங்கும் பெருவழக்கான சொல் யிரா என்பது. இடி, பகைவர், கொடிய விலங்கு ஆகியவற்றின் முன் எழும் நடுக்கத்தையும் இதே சொல் குறிக்கும். இறைவன்முன் நிற்கும் நிலையையும் குறிக்கும். ஆகவே நடுக்கத்தை முற்றிலும் நீக்கிவிட்டு வெறும் மரியாதையாக இதை மொழிபெயர்க்க இயலாது. சீனாய் மலையடியில் நிகழ்ந்ததை விடுதலைப் பயண நூல் (பழைய பெயர் யாத்திராகமம்) சொல்லும் முறை இதற்குச் சான்று. இடி முழக்கமும் புகையும் கண்டு மக்கள் நடுங்கித் தொலைவில் நிற்கின்றனர். மோசே அவர்களை அஞ்ச வேண்டா என்கிறார்; அதே மூச்சில், கடவுளைப் பற்றிய அச்சம் உங்களிடம் நிலைத்திருக்கவே இது நிகழ்ந்தது என்றும் சொல்கிறார். ஓட வைக்கும் அச்சம் விலக்கப்படுகிறது. தவறு செய்யாமல் நிற்க வைக்கும் அச்சம் வேண்டப்படுகிறது. எபிரேயத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

அதே நூலின் தொடக்கத்தில் வரும் மருத்துவச்சியர் கதையை இத்துடன் சேர்த்துக் கற்பித்தால் மாணவர்க்குப் பொருள் விளங்கும். எபிரேயர்க்குப் பிறக்கும் ஆண்மகவுகளைக் கொன்றுவிடுமாறு எகிப்திய மன்னன் சிப்ரா, பூவா என்னும் இரு மருத்துவச்சியர்க்கு ஆணையிடுகிறான். அவ்விருவரும் கடவுளுக்கு அஞ்சியதால் ஆணையை நிறைவேற்றவில்லை. அக்காலத்தின் மிகப்பெரும் பேரரசனின் பெயரை அந்நூல் சொல்லவில்லை. இரண்டு மருத்துவச்சியரின் பெயர்களைச் சொல்கிறது. இங்கே கடவுளச்சம் என்ன செய்கிறது என்பதை நோக்க வேண்டும். அரசனிடம் அவர்கள் கொண்டிருக்க வேண்டிய அச்சத்தை அது இடம்பெயரச் செய்கிறது.

லேவியர் நூல் இதனினும் நுட்பமானது. அதில் கடவுளுக்கு அஞ்சு என்னும் கட்டளை கண்ட இடமெல்லாம் வருவதில்லை. தேர்ந்தெடுத்த சில இடங்களிலேயே வருகிறது. காது கேளாதவரை இகழாதே, பார்வையற்றவர் வழியில் இடறுகட்டை வைக்காதே என்னும் இடத்தில் வருகிறது. நரைத்த தலையின்முன் எழுந்து நில் என்னும் இடத்தில் வருகிறது. நிலம் விற்கும்போது ஒருவரை ஒருவர் ஏமாற்றாதீர், வறுமையுற்றவனிடம் வட்டி வாங்காதே, உன்னிடம் அடிமைப்பட்டவனைக் கொடுமையாக ஆளாதே என்னும் இடங்களிலும் வருகிறது. இவற்றுக்குப் பொதுவானது என்ன? காது கேளாதவர்க்கு இகழ்ச்சி தெரியாது. பார்வையற்றவர் கல்லை வைத்தவனைக் காணமாட்டார். ஏழை வழக்குத் தொடுக்கமாட்டான். பாதிக்கப்பட்டவர் திருப்பி அடிக்க இயலாத இடங்கள் இவை. வேறு எந்த அச்சமும் வேலை செய்யாத இடத்தில்தான் லேவியர் நூல் கடவுளச்சத்தை அழைக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு இணைச்சட்ட நூலில் ஒரு சான்று உண்டு. அமலேக்கியர் களைத்துப் பின்தங்கியவர்களைத் தாக்கினர் என்பதைச் சொல்லும் அந்நூல், அவர்கள் கடவுளுக்கு அஞ்சவில்லை என்று அதைக் குறிக்கிறது.

பிற்காலக் கிறித்தவச் சிந்தனையாளர்கள் இவ்வச்சத்தை வகைப்படுத்த முயன்றனர். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராகிய அகுஸ்தீன் (354–430) கூறும் உவமை எளிது. கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுபவள் ஒருத்தி. கணவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுபவள் மற்றொருத்தி. இருவரும் அஞ்சுகின்றனர், ஆனால் முன்னவள் தண்டனைக்கும் பின்னவள் பிரிவுக்கும் அஞ்சுகிறாள். முழுமையான அன்பு அச்சத்தை விரட்டும் என யோவானின் முதல் திருமுகம் சொல்வது முதல்வகை அச்சத்தையே என்பது அவர் விளக்கம். இலத்தீன் மரபில் இவை அடிமையச்சம், பிள்ளையச்சம் எனப் பின்னர் வழங்கலாயின. 1529இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய உபதேச நூல், கட்டளைகளின் விளக்கந்தோறும் கடவுளுக்கு அஞ்சுதலையும் அவரை நேசித்தலையும் இணைத்தே தொடங்குகிறது. அச்சத்தை விட்டு அன்பைத் தனியாக அவர் சொல்லவில்லை. அன்பை விட்டு அச்சத்தையும் சொல்லவில்லை.

இச்சிந்தனை தமிழுக்கு வந்தபோது தமிழ் வெற்றிடமாக இருக்கவில்லை. அச்சத்தைப் பற்றித் தமிழர் ஆழ எண்ணியிருந்தனர். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் களங்கள் நான்கு என்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. இவற்றுள் முதலும் கடையும் நமக்கு வேண்டியவை. அணங்கு என்பது அச்சுறுத்தி வருத்தும் தெய்வ ஆற்றல்; அதே வேளையில் கண்டாரை ஈர்ப்பதும் அதுவே. 1917இல் செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, புனிதம் என்பது நடுங்கவும் வைத்து ஈர்க்கவும் செய்வது என்று ஒரு நூல் எழுதினார். அணங்கு என்னும் சொல்லை அவர் அறிந்திருந்தால் ஓரிரு பக்கங்கள் குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது. கடைசியாகிய இறை என்பது இங்கே ஆள்வோனைக் குறிக்கிறது. இறை என்னும் சொல்லே பிற்காலத்தில் கடவுளுக்கும் உரியதாகி, இறையச்சம் என்னும் தொகைச்சொல் பிறக்க வழி செய்தது. இது நல்வாய்ப்பா, இடரா என்பதற்குப் பின்னர் வருவோம்.

திருக்குறள் தீவினைக்கு அஞ்சுதலுக்கெனத் தனி அதிகாரமே வைத்தது. அறிவுடைமை அதிகாரத்திலோ, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்றும், அதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்றும் வள்ளுவர் கூறுகிறார். எபிரேய நீதிமொழிகள் நூல், ஆண்டவர்க்கு அஞ்சுதலை ஞானத்தின் தொடக்கம் என்கிறது. அச்சத்தையும் அறிவையும் ஒன்றாக முடிச்சிட்ட இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று அறியா. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என நிறுவ முயல்வோர்க்கு நாம் துணைபோக வேண்டியதில்லை. அஞ்சாமையை வெறும் வீரமாகக் கருதாமல், எதற்கு அஞ்சுவது என்னும் தேர்வாகக் கண்ட ஒரு மரபு தமிழில் இருந்தது என்பதே நமக்குப் போதும். மாணிக்கவாசகரின் அச்சப்பத்தும் அத்தேர்வைப் பாடுவதே. பாம்பு முதலான பலவற்றை வரிசையாகச் சொல்லி அவற்றுக்கெல்லாம் அஞ்சேன் என்பவர், இறைவனிடம் அன்பில்லாதவரைக் கண்டால் நடுங்குகிறேன் என்று பாட்டுதோறும் முடிக்கிறார். 1886இல் குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் ஒரு கிறித்தவ மறைப்பணியாளர். அவர் முதுமையில் திருவாசகத்தில் ஆழ்ந்ததில் வியப்பொன்றுமில்லை.

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளாரின் முயற்சி. பதினாறு பக்கம் கொண்ட சிறுநூல். கிறித்தவக் கோட்பாட்டைச் சொல்லும் அந்நூலுக்கு வணக்கம் என்றே பெயர் வாய்த்தது நினைக்கத் தக்கது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1714–15இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அடுத்து பப்ரிசியுசின் புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. 1850இல் யாழ்ப்பாணத்தில் உருவான பெர்சிவல் பெயர்ப்பும், 1871இல் போவர் தலைமையில் முடிந்த ஐக்கியத் திருத்தமும் அதன் பின்னவை. இவற்றிடையே கடவுளைக் குறிக்கும் சொல் சர்வேசுரன், பராபரன், தேவன் என மாறிற்று. அம்மாற்றங்களைப் பற்றி எழுதியோர் பலர். அச்சத்தின் பெயரைப் பற்றி எழுதியோர் சிலரே.

இன்றும் புராட்டஸ்டன்ட் சபைகளில் பெருவழக்காக உள்ள, போவர் வழிவந்த நூலில் பயம் என்னும் சொல்லே ஆட்சி செய்கிறது. பயம் வடமொழிச் சொல். ஆனால் அதன் பிறப்பைவிட அது ஏற்கும் வேற்றுமை நமக்கு முக்கியம். அச்சப் பொருளுடைய சொற்கள் ஐந்தாம் வேற்றுமையையும் இரண்டாம் வேற்றுமையையும் ஒப்ப ஏற்கும் என்பது தொல்காப்பிய விதி. புலியின் அஞ்சினான் என்றும் புலியை அஞ்சினான் என்றும் சொல்லலாம், பொருள் வேறுபடாது. ஐந்தாம் வேற்றுமை நீக்கப்பொருளது. மலையின் வீழ் அருவி என்பதில் அருவி மலையைவிட்டு நீங்குகிறது. புலியின் அஞ்சியவனும் புலியைவிட்டு நீங்கவே பார்ப்பான். கிறித்தவத் தமிழோ நான்காம் வேற்றுமையைக் கைக்கொண்டது: கர்த்தருக்குப் பயப்படுதல், ஆண்டவருக்கு அஞ்சுதல். நான்காம் வேற்றுமை கொடையை ஏற்பதற்குரிய உருபு. கடவுளுக்கு நன்றி, கடவுளுக்கு வணக்கம், கடவுளுக்குக் கீழ்ப்படிதல் என்னும் தொடர்களின் வரிசையில் கடவுளுக்கு அஞ்சுதலும் அமர்கிறது. இவ்வச்சம் கடவுளைவிட்டு ஓடுவதற்கு மாறாக அவர்முன் நின்று அளிக்கப்படுகிறது. அகுஸ்தீன் ஓர் உவமையால் பிரித்ததைத் தமிழ் ஓர் உருபால் பிரித்துவிட்டது.

இதை மொழிபெயர்ப்பாளர்களின் திட்டமிட்ட நுட்பம் என்று நாம் சொல்ல வரவில்லை. மக்கள் பேச்சில் அப்பாவுக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து என்னும் வழக்குகள் உண்டு. அவர்கள் அதையே எடுத்துக்கொண்டனர். அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. ஊருக்குப் பயந்து என்பதும் கடவுளுக்குப் பயந்து என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. மருத்துவச்சியர் கதையில் ஒன்றையொன்று விலக்கிய இரு அச்சங்களும் பேச்சுத்தமிழில் அருகருகே குடியிருக்க முடிந்தது.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் கிறித்தவரல்லாத இருவரை இங்கே நினைவுகூர வேண்டும். பெர்சிவலுடன் விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). சைவராகவே வாழ்ந்து, பின்னர்க் கிறித்தவப் பரப்புரையைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர் அவர். மலாய் உலகில் அவருக்கு ஒப்பானவர் மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா. தமிழ், அரபு மரபுகளில் வந்த இசுலாமியராகிய அவர், தமிழும் கற்றவர். தாம்சன், கீஸ்பெரி என்னும் மறைப்பணியாளர்கள் புதிய ஏற்பாட்டை மலாயில் ஆக்கத் துணைநின்றவர். தாம்சனின் மலாய் நடை மலாயாகவே இல்லை என்று தம் வரலாற்று நூலில் அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஐரோப்பியத் தொடரமைப்பில் ஆசியச் சொற்களை அடுக்குவது மொழிபெயர்ப்பாகாது என்னும் அவர் குறை இன்றைய மாணவர்க்கும் பொருந்தும். அப்துல்லாவின் அந்நூலை 1849இல் அச்சிட்டவர் கீஸ்பெரி. சிங்கப்பூர்த் தெலுக் பிளாங்காவில் கீஸ்பெரி நடத்திய பள்ளியில் பயின்ற இளைஞருள் ஒருவர் பின்னாளில் ஜொகூரின் சுல்தானாகிய அபூபக்கர் (1833–1895). இறைவனுக்கு அஞ்சுதல் என்பதற்குத் தமிழிலும் மலாயிலும் சொல் தேடிய மேசையில், வேறு வழியில் இறைவனுக்கு அஞ்சிய இருவர் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய சமயப் பற்றும் குறைந்தபாடில்லை. மொழிப் பணியும் கெடவில்லை.

இனி நழுவல்களைச் சொல்ல வேண்டும். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறித்தவத்தின் பேரொளிகளுள் ஒருவர். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோசி மன்னரின் அவையில் மதிக்கப்பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சியைத் தந்தவர். பப்ரிசியுசின் பெயர்ப்பை ரேனியுஸ் திருத்த முற்பட்டபோது, வழிபாட்டில் தோய்ந்த சொற்களைக் கலைக்க வேண்டா என்று அவர் வாதாடினார். அவ்வாதத்தில் நமக்கு உடன்பாடு மிகுதி. ஆனால் அதே சாஸ்திரியார், திருச்சபையில் சாதிவாரியாக இருக்கை பிரிந்திருந்ததையும் காத்து வாதாடினார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டே விலகினர். அயல்நாட்டு ஆயரின் ஆணைத்தொனி அவர்களைப் புண்படுத்தியிருக்கலாம். ஆயினும் கடவுளுக்கும் அஞ்சி, ஊருக்கும் அஞ்சி, இரண்டையும் ஒரே இருக்கையில் அமர்த்த முயன்றதன் விளைவே இது என்று சொல்லாமலிருக்க முடியவில்லை. கிறித்தவராகிய தமிழர் கடல் கடந்து மலாயா வந்தபோது வேதப்புத்தகத்துடன் இந்த வழக்கையும் மூட்டையில் கட்டியே வந்தனர்.

இதற்கு நேர்மாறான வாழ்வு நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டருடையது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தவர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து கிறித்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயர் கொண்டார். தாழ்த்தப்பட்டோருடன் வேற்றுமையின்றிப் பழகினார். 1749இல் சிறைப்பிடிக்கப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னன் அஞ்சப்பட வேண்டியவன் என்பதை அரண்மனை ஊழியரைவிட நன்கு அறிந்தவர் யார்? அந்த அச்சத்தின் இடத்தில் வேறோர் அச்சம் வந்து அமர்ந்தது என்பதைத் தவிர அவர் முடிவுக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. 2022 மே 15இல் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, சாதியைக் காட்டும் பிள்ளை என்னும் ஒட்டு அவர் பெயரிலிருந்து முன்னரே நீக்கப்பட்டிருந்தது.

நம் மண்ணுக்கு வருவோம். ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் அச்சத்துக்குப் படிநிலை இருந்தது. துரை மேலே; கிராணி அடுத்து; கங்காணி அதற்கும் கீழே; பால்வெட்டும் தொழிலாளி எல்லார்க்கும் அஞ்ச வேண்டியவர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிமுறைவழி ஆள்சேர்ப்பை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. ஆனால் அச்சத்தின் பழக்கம் சட்டத்தோடு போய்விடவில்லை. 1941இல் ஆர். எச். நாதனின் வழிகாட்டலில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டனர். தொல்காப்பியம் சொன்ன நான்காம் அச்சக்களமாகிய இறை, இருபதாம் நூற்றாண்டில் செம்மண் சாலையில் எதிர்வந்த துரையாக இருந்தது.

அதே தோட்டங்களில் ஞாயிறுதோறும் தமிழில் வழிபாடும் நடந்தது. லேவியர் நூல் தனக்குக் கீழ்ப்பட்டவனைக் கொடுமையாக ஆளாதே, கடவுளுக்கு அஞ்சு என்று ஆண்டானிடம் சொல்கிறது. தோட்டத்தில் கடவுளுக்குப் பயந்து நட என்னும் அறிவுரையோ பெரும்பாலும் கீழ்நோக்கியே, தொழிலாளியிடமும் குழந்தையிடமுமே சொல்லப்பட்டது. யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர்களிடமிருந்து விலகி, யாரைக் காக்கச் சொல்லப்பட்டதோ அவர்கள்மேலேயே ஒரு கட்டளை சுமத்தப்பட்டது. இவ்வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்துவது இத்திசைமாற்றம்தான். கடவுளச்சம் என்றாலே இன்றைய இளைஞர் சிலர் முகஞ்சுளிப்பதற்கு நாத்திகம் காரணமென்று சொல்லிவிட முடியாது; அவர்களின் பாட்டன்மார் அச்சொல்லைக் கேட்ட தொனி அவர்கள் செவியில் இன்னும் இருக்கிறது.

கத்தோலிக்க மரபில் இச்சொல் வேறொரு பாதையில் சென்றது. எசாயா இறைவாக்கினரின் நூலை ஒட்டித் தூய ஆவியின் கொடைகள் ஏழு என்று எண்ணுவது அம்மரபு. உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் ஞானம் முதலாகத் தொடங்கித் தெய்வபயம் என்று முடிப்பதைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தனர். கொடை என்னும் வகைப்பாடு கவனிக்கத் தக்கது. இங்கே அச்சம் மனிதர் கடவுளுக்கு அளிப்பதாக மட்டுமன்றி, கடவுள் மனிதர்க்கு அளிப்பதாகவும் ஆகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் தனித்தமிழ் நோக்கில் பயத்தை விட்டு அச்சத்தை எடுத்தது. தெய்வபயம் மெல்ல இறையச்சம் ஆயிற்று. இம்மாற்றத்தால் கிடைத்தது ஒன்று, இழந்தது ஒன்று. அச்சம் என்றவுடன் மெய்ப்பாட்டியலும் குறளும் மாணிக்கவாசகரும் துணைக்கு வருகின்றனர். தமிழாசிரியர்க்குக் கற்பிக்கப் பெருநிலம் கிடைக்கிறது. ஆனால் பயபக்தி என்னும் இரட்டைச்சொல்லில் நடுக்கமும் அன்பும் கைகோத்து நின்றதுபோல் இறையச்சத்தில் நிற்கவில்லை. தேர்வு செய்யச் சொன்னால், வகுப்பறைக்கு அச்சத்தையும் வழிபாட்டுக்குப் பயபக்தியையும் நாம் வைத்துக்கொள்வோம்.

இறை என்னும் முன்னொட்டில் உள்ள இடரையும் இங்கேயே சொல்லிவிடலாம். இறை என்பது கடவுள். இறை என்பது அரசன். இறை என்பது குடிகள் செலுத்தும் வரியும்தான். மூன்றையும் ஒரே சொல் சுமக்கும் மொழியில், இறையச்சத்தை ஆட்சிக்கு அஞ்சுதலாகத் திரிப்பது எளிது. அதனால் இச்சொல்லைக் கற்பிக்கும்போதெல்லாம் அருகில் சிப்ராவையும் பூவாவையும் தேவசகாயத்தையும் நிறுத்தி வைப்பது பயனுடையது. அரசனாகிய இறைக்கு அஞ்சாமையே கடவுளாகிய இறைக்கு அஞ்சுவதன் அடையாளமாக அவர்களிடம் வெளிப்பட்டது.

இறையச்சம் இன்று கிறித்தவர்க்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. தமிழ் இசுலாமியர் தக்வா என்னும் அரபுச் சொல்லுக்குத் தமிழாக வழங்குவது இறையச்சம் என்பதையே. தக்வாவின் வேர்ப்பொருள் காத்துக்கொள்ளுதல். தீமையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் விழிப்பு அது. மலாய் மொழியோ புலிக்கு அஞ்சுவதற்கும் இறைவனுக்கு அஞ்சுவதற்கும் தாக்கூட் என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அதனருகில் தக்வாவையும் வைத்திருக்கிறது. ஜொகூர்பாருவில் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் தமிழ்க் கிறித்தவ மாணவரும் தமிழ் இசுலாமிய மாணவரும் இறையச்சம் என்று எழுதும்போது, ஒருவர் எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் கடந்து வந்த வழியிலும், மற்றவர் அரபு வழியிலும் அதே சொல்லை அடைந்திருக்கின்றனர். அருகில் அமர்ந்திருக்கும் சைவ மாணவர்க்கு அச்சப்பத்து உண்டு. மூவரும் தத்தம் நூல்களிலிருந்து அச்சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டுவருமாறு ஆசிரியர் பணித்தால், நன்னெறிப் பாடம் ஒரு நாள் இலக்கணப் பாடமாகவும் மாறும்.

அப்பாடத்தில் தொடக்கநூலின் ஒரு கதையைச் சேர்த்துக்கொள்ளலாம். நம்பிக்கையின் தந்தை எனப் போற்றப்படும் ஆபிரகாம் கெரார் என்னும் அயலூரில் தங்கியபோது, தம் மனைவி சாராவைத் தங்கை என்று பொய் சொன்னார். அவ்வூரார் கடவுளுக்கு அஞ்சாதவர்கள், மனைவிக்காகத் தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். சாராவை வரவழைத்த அரசன் அபிமெலக்கு உண்மையைக் கனவில் அறிந்ததும், விடியற்காலையில் எழுந்து ஊழியரையெல்லாம் அழைத்து நிகழ்ந்ததைச் சொன்னான். கேட்டவர்கள் மிகவும் அஞ்சினார்கள் என்கிறது அந்நூல். பிறகு அவன் சாராவை அனுப்பிவைத்து, ஆடுமாடுகளும் கொடுத்து, என் நாட்டில் விரும்பிய இடத்தில் குடியிரு என்று ஆபிரகாமிடம் சொன்னான். அந்த ஊரில் அன்று மனிதர்க்கு அஞ்சியவர் ஆபிரகாம் ஒருவரே.